இதரச் செலவு

எங்கள் வீட்டில் மாதக் கணக்கு எழுத ஒரு நோட்டு உண்டு. கல்யாணமான வருடத்திலிருந்து நான்தான் எழுதிவருகிறேன். வாடகை, பால், மளிகை, கேஸ், கரண்ட், பள்ளிக் கட்டணம், அத்தையின் சர்க்கரை மாத்திரை, மாமாவின் இதய மாத்திரை, பெட்ரோல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தலைப்பு. கடைசியில் ‘இதர’ என்று ஒன்று. மொய், உண்டியல், ஆட்டோ, செருப்புத் தைத்த கூலி எல்லாம் அதற்குள் போகும். 2025 மார்ச்சில், வீட்டின் மருத்துவச் செலவு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பழைய நோட்டுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அத்தையின் மருந்து இருந்தது. மாமாவின் மருந்து இருந்தது. மகளுக்குக் கண்ணாடி மாற்றியதுகூட இருந்தது. 14 வருடமாக நான் விழுங்கிவரும் மருந்துகளை மட்டும் காணோம். தேடினால், அத்தனையும் ‘இதர’வுக்குள் கிடந்தன. என் கையெழுத்தில். அப்படி எழுதும்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை.

‘இதர’ என்றால் ‘மற்ற’. பெண் எப்படி ‘மற்றமை’ ஆக்கப்படுகிறாள் என்று சிமோன் தெ பொவுவாரை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் வகுப்பெடுக்கக்கூடியவள் நான். அந்த மற்றமையை மாதாமாதம் கூட்டல் போட்டு அடிக்கோடும் இழுத்து வைத்திருக்கிறேன்.

ஒரு பெண் தன் மருந்தைத் தானே குறைத்துக்கொள்ளும்போது அதற்கு என்ன பெயர்? தியாகம் என்பார்கள். பழக்கம் என்றும் சொல்லலாம். அவள் உடம்பு, அவள் முடிவு என்றும் வாதாடலாம். மூன்றையும் நான் நம்பிப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால் நோயைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு இருப்பது முடக்குவாதம். ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ். வயதானவர்களுக்கு மூட்டுத் தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. கிருமியைத் தாக்கவேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், மூட்டுகளின் உள்ளுறையையே அந்நியம் என்று எடுத்துக்கொண்டு தாக்குகிறது. உறை வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பெரும்பாலும் விரல் கணுக்களிலும் மணிக்கட்டிலும் தொடங்கும், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஆண்களைப்போல இரண்டு மூன்று மடங்கு பெண்களுக்கு வருகிறது. காலையில்தான் உச்சம். கை விரல்கள் ஈரத்தில் ஊறிக் காய்ந்த தாம்புக்கயிறு மாதிரி விறைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம், மடங்காது. வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரு மணி நேரம்தான் டிபன், டப்பா, சீருடை, தலைவாருதல். எதற்கும் நாங்கள் விழிக்கிற நேரம் பார்த்துத்தான் வரும்போல.

எனக்கு வந்தது மகள் பிறந்த நான்காவது மாதம். பிள்ளை பெற்ற உடம்பு, பச்சை உடம்பு, வாயு, குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தாய், சரியாகப் பத்தியம் இருக்கவில்லை: ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். முடக்கறுத்தான் கீரையில் தோசை, ரசம், துவையல் எல்லாம் ஆனது. முடக்கை அறுப்பது என்று பெயரே இருக்கும்போது யார்தான் சொல்லமாட்டார்கள்? (அந்தத் தோசை இன்றைக்கும் எனக்குப் பிடிக்கும். தோசையாக.) ஒன்றரை வருடம் இப்படிப் போயிற்று. அதற்குள் மணிக்கட்டு வீங்கி, சீமந்தத்துக்குப் போட்ட தங்க வளையல் இரண்டும் கழற்ற முடியாமல் இறுகிவிட்டன. நகைக்கடைத் தெருவில் ஒரு ஆசாரி சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்தார். அகத்திணைப் பாடல்களை நடத்தும்போது, தலைவியின் கை மெலிந்து வளை நெகிழ்ந்து விழுவதைப் பற்றி எத்தனை முறை பேசியிருப்பேன்! அவள் வலி ஊருக்குத் தெரிய அது ஒன்றுதான் வழி. வளை விழுந்தால் தாய் கவனிப்பாள், கவனித்ததும் வேலனைக் கூப்பிட்டு வெறியாட்டு நடத்துவாள், நோய் என்னவென்று மட்டும் தெரிந்துகொள்ளமாட்டாள். எனக்கு வளை விழவே இல்லை. அதனால் யாரும் கவனிக்கவில்லையோ என்னவோ.

இந்த நோயை முதலில் தனியாக அடையாளம் கண்டு எழுதியவர்களில் ஒருவர் அகுஸ்தீன் லாந்த்ரே-பொவே என்ற பிரெஞ்சு மருத்துவ மாணவர். 1800ஆம் ஆண்டு, பாரிஸில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில். அது ஏழைப் பெண்களை அடைத்துவைத்த இடம். அன்றைக்கு மூட்டுவலி என்றால் கௌட் என்பார்கள், விருந்துண்ணும் பணக்கார ஆண்களின் நோய். இந்தப் பெண்களுக்கு விருந்தேது? அப்படியானால் இது வேறு நோய் என்று அவர் யோசித்தார். இவ்வளவு நாள் யாரும் இதைக் கண்டுபிடிக்காததற்கு, மருத்துவர்கள் வசதியானவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் காரணம் என்று நினைத்தார். ரூமடாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற இன்றைய பெயர் வர 1859 ஆகவேண்டியிருந்தது. லண்டனில் ஆல்ஃபிரட் கேரட் வைத்தார்.

இன்னொரு கதையும் உண்டு, அதுதான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஃபிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதம் உள்ள பெண்கள் கருவுற்றால் வலி தணிந்துவிடுவதைக் கவனித்தார். மஞ்சள்காமாலை வந்தவர்களுக்கும் அப்படியே. உடம்பே ஏதோ சுரக்கிறது என்று தேடிப்போனதில் கார்ட்டிசோன் கிடைத்தது. 1948 செப்டம்பரில் 29 வயதுப் பெண் ஒருவருக்கு முதன்முதலாக ஊசி போட்டார்கள். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு. ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கும் ஒவ்வொரு தடவையும், கர்ப்பிணிகளைக் கவனித்துப் பார்த்ததில் பிறந்த மருந்து இது என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் பிரசவமானதும் வலி திரும்பிவிடும், பலருக்கு முன்னைவிடக் கூடுதலாக. எனக்கு மாதிரிச் சிலருக்கு அப்போதுதான் தொடங்கும். வயிற்றில் இன்னொரு உயிர் இருக்கும்வரை உடம்பு தன்னைத் தாக்காமல் பொறுத்துக்கொள்கிறது, அந்த உயிர் வெளியே போனதும் தாக்குகிறது. இது வெறும் உயிரியல், இதில் யாருடைய தீர்ப்பும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. பயன்படும்வரை காப்பாற்றப்படுவது என்ற ஏற்பாடு எலும்புக்குள்ளேயும் இருக்கிறதா என்று.

மருந்து தொடங்கும் முன் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “இன்னொரு குழந்தை ப்ளான் இருக்கா?” நியாயமான கேள்விதான். மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது. கேள்வியை என்னைப் பார்த்துக் கேட்டார், பதிலை என் கணவர் முகத்தில் தேடினார். அவர் திரும்பி அத்தையைப் பார்த்தார். மெத்தோட்ரெக்சேட் வாரத்தில் ஒரே ஒரு நாள் விழுங்கவேண்டிய மருந்து. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்கு ஞாயிற்றுக்கிழமை. திங்கள் முழுக்கக் குமட்டலோடு வகுப்பெடுப்பேன். கூடவே ஃபோலிக் அமிலம், ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 2020இல் கொரோனாவுக்கு அது நல்லது என்று ஊர் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டபோது எங்களுக்குக் கிடைக்காமல் போனது. இவையெல்லாம் மலிவான மருந்துகள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இலவசமாகவே தருகிறார்கள். மாதம் சில நூறு ரூபாயில் பத்து வருடத்துக்கு மேல் ஓட்டினேன். ‘இதர’ தாங்கியது.

2022இல் இருமல் வந்தது. சளி இல்லாத வறட்டு இருமல். எங்கள் துறை இரண்டாவது மாடியில். முதல் மாடியில் அறிவிப்புப் பலகை முன்னால் நின்று, ஏற்கெனவே படித்த சுற்றறிக்கைகளை மறுபடி படிக்கத் தொடங்கினேன், மூச்சு வாங்குவது மாணவிகளுக்குத் தெரியாமல் இருக்க. டாக்டர் முதுகில் ஸ்டெத் வைத்து வெகுநேரம் கேட்டார். வெல்க்ரோ பட்டையைப் பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் நுரையீரலின் அடியில் கேட்கும் என்று பிறகு விளக்கினார். மூட்டைத் தாக்கும் அதே எதிர்ப்பு ஆற்றல், காற்றறைகளுக்கு நடுவே இருக்கும் மெல்லிய திசுவையும் தாக்கித் தழும்பாக்குகிறது. நுரையீரல் இடைத்திசு நோய். நோய் பெண்களுக்கு அதிகம் என்றாலும், அது நுரையீரலுக்குப் போகும் ஆபத்து ஆண்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும்தான் கூடுதல். “வீட்டுக்காரர் சிகரெட் பிடிப்பாரா?” என்று கேட்டார். இல்லை. எனக்குக் கிடைக்க வேண்டியதில்லாததும் கிடைத்திருக்கிறது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

மூட்டு வலிக்கும், வலித்தால் தெரியும். நுரையீரல் வலிக்காது. தழும்பு விழுந்த இடம் மீண்டும் நுரையீரலாக மாறாது. மேற்கொண்டு தழும்பு விழாமல் தடுக்கலாம், அவ்வளவுதான். ஸ்கேனில் அது தேன்கூடு மாதிரி தெரியும் என்பார்கள். எனக்கு அவ்வளவு தூரம் போகவில்லை. அடிப்பகுதியில் பனிமூட்டம் மாதிரி இருந்தது.

இங்கேதான் கணக்கு நோட்டால் தாங்க முடியாமல் போனது. ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தைச் சொன்னார் டாக்டர். இரண்டு வார இடைவெளியில் இரண்டு முறை சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும், ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடியும். இந்தியாவிலேயே தயாராகும் நகல் மருந்து வந்தபின் விலை எவ்வளவோ குறைந்திருக்கிறது. அப்படியும் அறை, ஊசி, பரிசோதனை எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு சுற்றுக்கு 72,000 ரூபாய் ஆனது. அதற்கு முன்னால் காசநோய் ஒளிந்திருக்கிறதா, மஞ்சள்காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நிமோனியாத் தடுப்பூசி போட வேண்டும். நுரையீரல் ஸ்கேன், ஊதும் சோதனை. சுயநிதிப் பிரிவில் எனக்கு மாதச் சம்பளம் 28,000 ரூபாய். முனைவர் பட்டம், இரண்டு கவிதைத் தொகுப்பு, 18 வருட அனுபவம் எல்லாம் சேர்த்து. பணியாளர் காப்பீடு கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதற்கு நாங்கள் பணக்காரர்கள். தனியார் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தால், ஏற்கெனவே உள்ள நோய் என்று ஒதுக்கினார்கள். அதற்கு நாங்கள் நோயாளிகள்.

இரண்டு சுற்று ஏற்றிக்கொண்டேன். இருமல் குறைந்தது, மாடி ஏற முடிந்தது. 2024 ஜூனில் அடுத்தது போட வேண்டும். அதே ஜூனில் மகள் பதினொன்றாம் வகுப்பு, அவளுக்குப் பயிற்சி மையத்தில் கட்ட வேண்டிய தொகை 65,000. நான் கட்டினேன். வீட்டில், “டாக்டர் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்னுட்டாங்க” என்றேன். டாக்டரிடம், “காலேஜ்ல லீவு கிடைக்கல” என்றேன். ஐந்து மாதம் இப்படி இரண்டு பக்கமும் பொய் சொன்னேன். நவம்பரில் ஊதும் சோதனை எடுத்தார்கள். என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்கவேண்டிய அளவில் 74 சதவீதம் ஊதிக்கொண்டிருந்தவள், 66 சதவீதம் ஊதினேன். அந்த 8 சதவீதம் போனது போனதுதான்.

விஷயம் தெரிந்தபோது கணவர் கேட்டார்: “நான் வேண்டாம்னு சொன்னேனா?” சொல்லவில்லை. அவர் நல்லவர், இதை வஞ்சப்புகழ்ச்சியாக எழுதவில்லை. ஆனால் அவர் எதையும் சொல்லவேண்டிய அவசியமே இல்லாத ஓர் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வேண்டும் என்று நான் கேட்டால்தானே வேண்டாம் என்ற பேச்சு வரும். 2019இல் மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தபோது 2,10,000 ரூபாய் ஆயிற்று. யாரும் யாரையும் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் என் சங்கிலி அடகுக்கடைக்குப் போனது. கழற்றிக் கொடுத்தவள் நான்தான், அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் ‘இவ்வளவு செலவு செய்யலாமா’ என்ற கேள்வி யார் மனதிலும் எழவில்லை, மாமா மனதிலும். அதைத்தான் இப்போது நினைத்துப் பார்க்கிறேன். உயிர் போகிற அவசரத்துக்கும் மெல்லக் குறைகிற மூச்சுக்கும் வித்தியாசம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் கேள்வி சிலருடைய உடம்பைப் பார்த்தால் எழுவதில்லை. சிலருக்கு அது உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, மருந்துச் சீட்டு கைக்கு வருமுன்னே.

தத்துவத் துறையில் எனக்கொரு தோழி இருக்கிறாள். எதையும் சும்மா விடமாட்டாள். “உன் சம்பளம், உன் உடம்பு. யோசிச்சு ஒரு முடிவு எடுத்திருக்க. அதைப் போய்ப் பழக்கம், அடிமைத்தனம்னு நீயே கேவலப்படுத்திக்கணுமா? விட்டுக்கொடுக்கிறதுக்கும் ஒருத்திக்கு உரிமை இருக்குல்ல?” என்றாள். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. பெண்கள் எடுக்கும் முடிவுகளையெல்லாம் ‘உனக்குத் தெரியாமல் உன்னை எடுக்க வைத்தார்கள்’ என்று சொல்வதும் ஒருவகையில் நம்மைக் குழந்தையாக்குவதுதான். நான் பொம்மை இல்லை. கணக்குப் போட்டுத்தான் செய்தேன்.

ஆனால் பொய் சொன்னேனே, அது ஏன்? சுதந்திரமாக எடுத்த முடிவென்றால் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருப்பேன்: என் ஊசியைத் தள்ளிப்போட்டுவிட்டு உன் கட்டணத்தைக் கட்டுகிறேன் என்று. சொன்னால் மறுப்பார்கள் என்று தெரியும், அதனால் மறைத்தேன். கொடை என்றால் வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும், வேண்டாம் என்று சொல்ல அவருக்கு இடம் வேண்டும். நான் மகளைக் கேட்காமல் அவளைக் கடன்காரி ஆக்கினேன். என் நுரையீரலில் 8 சதவீதத்தை அவள் பேரில் எழுதிவைத்தேன். விஷயம் தெரிந்தபோது அவள் அழவில்லை, நன்றி சொல்லவில்லை. “என்னைக் கேட்டியாம்மா?” என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். இரண்டு நாள் பேசவில்லை. தியாகம் என்ற சொல்லை என் விஷயத்தில் நான் கைவிட்டது அந்த இரண்டு நாளில்.

டாக்டரும் திட்டினார். “உங்க பொண்ணுக்காகவாவது ஒழுங்கா போட்டுக்க வேண்டாமா? நீங்க நல்லா இருந்தாதானே வீட்டைப் பார்த்துக்க முடியும்?” அக்கறையில் சொன்னதுதான். அந்த வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயில் கேட்டிருக்கிறேன். பெண்கள் உடல்நலம் பற்றிய கூட்டங்களில் நானே மேடையில் சொல்லியிருக்கிறேன்: நீங்கள் ஆரோக்கியமாக இருந்தால்தான் குடும்பம் ஆரோக்கியமாக இருக்கும் என்று. கைதட்டுவார்கள். எங்கள் மருந்துக்கு நியாயம் தேடித்தருகிற வாக்கியம் இது. ஒரு நிமிடம் நின்று யோசித்தால் பயமாக இருக்கிறது. குக்கரைத் தூக்கத்தான் எனக்கு மணிக்கட்டு என்றால், தூக்க முடியாத அளவுக்கு அது வளைந்துபோன அன்றைக்கு, மருந்து போட என்ன நியாயம் மிச்சமிருக்கும்? இந்த நோயில் அந்த நாள் வெறும் கற்பனை இல்லை. வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காகக் காப்பாற்றப்படுகிறவள், பார்க்க முடியாமல் போனதும் எதற்காகக் காப்பாற்றப்படுவாள்? என் மருந்துக்கு நியாயம் சொல்ல வந்த வாக்கியம் என்னை அதில் சேர்க்கவில்லை. எனக்குப் படி ஏற வேண்டும், இருமாமல் ஒரு கவிதையை முழுதாக வாசிக்க வேண்டும், ராத்திரி மல்லாந்து படுக்க வேண்டும். இவற்றால் வீட்டில் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை.

திருக்குறளில் ‘மருந்து’ அதிகாரத்தின் கடைசிக் குறள், 950ஆவது, மருத்துவத்துக்கு நான்கு உறுப்புச் சொல்கிறது: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து மருந்து கொடுப்பவர். வகுப்பில் நடத்தும்போது ஒரு மாணவி எழுந்து, “காசு எங்கம்மா?” என்றாள். வகுப்பே சிரித்தது. நல்ல கேள்வி. எனக்கு வேறொன்றும் கண்ணில் பட்டது. நோயாளியையும் பக்கத்திலிருந்து கொடுப்பவரையும் குறள் ஆண்பால் ஈற்றில்தான் சொல்கிறது. பழைய நூல்களில் ஆண்பாலே பொதுவுக்கும் வரும், இலக்கணம் தெரியும். ஆனால் நான் பார்த்த ஆஸ்பத்திரிகளில் நான்காவது ஆள் எப்போதும் பெண்தான். அவளே முதல் ஆளாகப் படுத்துவிட்டால் நான்காவது இடம் காலியாகிவிடுகிறது.

இவ்வளவும் யோசித்த பிறகு எனக்கொரு பதில் கிடைத்த மாதிரி இருந்தது. நான் சம்பாதிக்கிறேன், என் காசில் போட்டுக்கொள்கிறேன், யாருக்கும் நியாயம் சொல்லவேண்டியதில்லை. ஏப்ரலில் புது நோட்டில் என் பெயரையே தலைப்பாகப் போட்டு, கீழே ரிட்டுக்ஸிமாப், மெத்தோட்ரெக்சேட், ஸ்கேன் என்று வரிசையாக எழுதினேன். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். தொகையைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். “எனக்கும் முழங்கால்ல ஊசி போடணும்னு டாக்டர் சொன்னாரு, ரெண்டு வருசம் ஆச்சு” என்றார். “ஏன் சொல்லல அத்தை?” “உனக்கே இவ்வளவு ஆகுதே.” அவர் மருந்துக்கு நோட்டில் தனித்தலைப்பு இருக்கிறது, 18 வருடமாக. தலைப்புக் கிடைத்தால் போதும் என்று நினைத்தவளுக்கு அது முதல் அடி.

இரண்டாவது அடி ஒரு பெஞ்சில் கிடைத்தது. மாதாந்திர மாத்திரைகளையாவது இலவசமாக வாங்கலாமென்று இப்போது அரசு மருத்துவமனைக்குப் போகிறேன். மூட்டு நோய்ப் பிரிவின் முன்னால் நீண்ட பெஞ்ச், முக்கால்வாசி பெண்கள். எல்லோருடைய கைகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருக்கும், காற்றில் ஒருபக்கமாய்ச் சாய்ந்த பயிர் மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு 55 வயதிருக்கும். பூக் கட்டுகிறவர். மல்லிகை, கண்ணி கண்ணியாக, நூலை விரலில் சுற்றி இழுத்துக் கட்டுகிற வேலை. இந்த நோய்க்கு அதைவிடக் கொடுமையான தொழில் இருக்க முடியாது. என்னிடம் எங்கே வேலை, எத்தனை பிள்ளை என்றெல்லாம் கேட்டுவிட்டு, “ஒங்களுக்கு மருந்துக்கு யாரு குடுக்குறா?” என்றார்.

“நானேதான்க்கா.”

“குடுத்து வச்சவுக” என்றார். கேலி இல்லை, உண்மையாகச் சொன்னார். அப்போதுதான் என் பதிலின் ஓட்டை தெரிந்தது. சம்பாதிப்பதால் எனக்கு உரிமை என்றால், சம்பளம் நின்ற மாதம் உரிமையும் நின்றுபோகும். 28,000 ரூபாய் வாங்குகிற நான் இந்த வாதத்தில் ஜெயித்தால், இந்த பெஞ்சில் பாதிப் பேர் தோற்கிறார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்வதற்காக என்பதை ‘சம்பாதிப்பதற்காக’ என்று மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

“இங்க மாத்திரை சும்மாதானே குடுக்குறாங்க?” என்றேன்.

“மாத்திரை சும்மாதான். வந்து போற நாளு சும்மாவா? பஸ்ஸு, டீ, அன்னிக்குக் கட்டுற பூவு. அதான் வாரா வாரம் போடுறத ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா போடுவேன். ரெண்டு மாசம் வரும்.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “டாக்டரம்மாட்ட சொல்லிராதீக.”

விலையே இல்லாத மருந்தையும் ஒருத்தி பாதியாக்கிச் சாப்பிடுகிறாள். அத்தை ஊசியை மறைத்தார், நான் ஐந்து மாதத்தை மறைத்தேன், இவர் ஒருவாரம் விட்டு ஒருவாரத்தை மறைக்கிறார். மூன்று பேரும் மருந்தைத் தராதவர்களிடமிருந்து மறைக்கவில்லை, தருகிறவர்களிடமிருந்து மறைத்தோம். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவந்து தரும் திட்டம் 2021இலிருந்து இந்த மாநிலத்தில் இருக்கிறது. கையை மடக்க முடியாதவர்களுக்கும் அதே பையில் ஒரு அட்டை மாத்திரை வரலாம். வரவேண்டும் என்று எழுதிக் கேட்கலாம், கேட்கத்தான் போகிறேன். ஆனால் வாசலுக்கு வந்த மாத்திரையையும் பாதியாக்குகிற கையை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

பாதி போட்டால் உள்ளே எலும்பு அரிக்கும், நுரையீரலுக்கும் போகலாம் என்று அவரிடம் சொன்னேன். என் ஊதும் சோதனைக் கதையையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

“பூக் கட்டணும்ல, அதுக்குத்தான் இந்த வெரலுக்காக வாரேன்” என்றார். “கட்ட முடியாமப் போச்சுன்னா அப்புறம் எதுக்குப் போட்டு வந்துக்கிட்டு?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து நிற்க என் தோளைப் பிடித்து ஊன்றினார். அது என் வலிக்கிற தோள்.

“அந்தப் பக்கம் பிடிங்கக்கா” என்றேன். மாற்றிப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.